காவல் நாய்க்குக் கேழ்வரகு பிஸ்கட்

ஐப்பசி மழையில் பிடுங்கிய மல்லாட்டையைக் காய வைப்பது திருக்கோவிலூர் வட்டாரத்தில் ஒரு போராட்டம்தான். காலையில் களத்தில் பரப்பினால் மதியம் தூறல் போடும். அவசரமாக அள்ளிக் குவித்துத் தார்ப்பாயால் மூடினால், மறுநாள் குவியலுக்குள் கையை விடும்போது சூடு தெரியும். எப்படியோ நான்கு வெயில் பார்த்து நல்ல காயை மூட்டை பிடித்து விற்பனைக்கு அனுப்பிவிடுவார்கள். சுருங்கியது, முளைவிட்டது, கறுத்தது, பூஞ்சணம் பூத்தது எல்லாம் ஒன்றிரண்டு முறம் வீட்டில் தங்கிவிடும். வீணாக்குவானேன் என்று அதை இடித்து, கூழில் கரைத்து நாய்க்கு ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. மாவோடு சேர்த்துப் பிசைந்து அடை தட்டிப் போடுகிறவர்களும் உண்டு.

நாய்க்கு வீட்டிலேயே தீனி செய்து போடுவது நல்ல பழக்கம். செலவு குறைவு, என்ன போடுகிறோம் என்பதும் நமக்குத் தெரியும். கேழ்வரகு, கம்பு, முட்டை, பரங்கிக்காய் என்று வேண்டியதெல்லாம் வீட்டிலேயே கிடைக்கும். ஆனால் அந்த ஒரு முறம் கழிவு மல்லாட்டை மட்டும் அதில் சேரக் கூடாது. சேர்ந்தால் அது தீனியல்ல, விஷம்.

கழிவில் இருப்பது என்ன?

ஈரத்தோடு குவிந்து கிடக்கும் மல்லாட்டையிலும் மக்காச்சோளத்திலும் பச்சையும் மஞ்சளும் கலந்த ஒரு பூஞ்சணம் வளரும். ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்பது அதன் பெயர். வளரும்போது அது அப்ளாடாக்சின் என்ற நச்சுப் பொருளை உண்டாக்குகிறது. பூஞ்சணத்தைத் தட்டிவிட்டாலும், கழுவினாலும், வெயிலில் மறுபடி காய வைத்தாலும் உண்டான நச்சு பருப்புக்குள்ளேயே இருக்கும். அடுப்பில் வேக வைத்தால் போய்விடும் என்று நினைப்பது பெரிய தவறு. நாம் சமைக்கும் சூட்டில் பூஞ்சணம் சாகும், நச்சு சாகாது. கூழில் கொதித்தாலும் அடையாகச் சுட்டாலும் நிலைமை அதுவேதான்.

இந்த நச்சு உலகத்துக்குத் தெரியவந்ததே மல்லாட்டைப் பிண்ணாக்கினால்தான். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்துக் குவிந்தன. தீனியைத் தேடிப் போனபோது, பிரேசில் நாட்டிலிருந்து வந்த மல்லாட்டைப் பிண்ணாக்கில் இந்தப் பூஞ்சண நச்சு இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிகளில் நாய்கள் கல்லீரல் கெட்டு இறந்து வந்தன. அந்த நோய்க்கும் இதுவே காரணம் என்பது பின்னால்தான் விளங்கியது.

நம் நாட்டில் நடந்ததை உழவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1974-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் ஆகிய பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களில் அறுவடைச் சமயம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. மலைவாழ் மக்கள் நனைந்த மக்காச்சோளத்தைச் சரியாகக் காய வைக்க முடியாமல் சேமித்து வைத்தார்கள். வேறு தானியம் வாங்க வழியில்லாமல் அதையே நாள்தோறும் தின்றார்கள். 150-க்கு மேற்பட்ட கிராமங்களில் மஞ்சள் காமாலை தோன்றி, வயிறு நீர் கோத்து வீங்கியது. நோய் கண்ட 397 பேரில் 106 பேர் இறந்தார்கள். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அங்கே சென்று பார்த்தபோது, அந்த வீடுகளின் சோற்றைத் தின்ற நாய்களும் அதே நோயில் விழுந்திருந்தன. மனிதர்களுக்கு முன்பே ஊர் நாய்களுக்கு வயிறு வீங்கியதாகவும் பதிவாகியிருக்கிறது. நாய் சாவதைக் கண்டவுடனேயே அந்தச் சோளத்தை ஒதுக்கியிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்களோ!

கடையில் விற்கும் தீனிக்கும் இதில் விலக்கு இல்லை. 2020-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலையில் செய்த நாய்த் தீனியில் இந்த நச்சு அளவுக்கு மீறி இருந்ததால் 110-க்கு மேற்பட்ட நாய்கள் இறந்தன என்று அந்நாட்டு அரசுத் துறை அறிவித்தது. அதிலும் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தின் மீதே சந்தேகம் விழுந்தது.

எவ்வளவு நச்சு போனால் ஆபத்து? நாயின் உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு அரை மில்லிகிராம் முதல் ஒன்றரை மில்லிகிராம் வரை போதும், உயிர் போக. 15 கிலோ நாய்க்குக் கணக்குப் போட்டால் எட்டு முதல் இருபத்திரண்டு மில்லிகிராம். ஓர் அரிசியின் எடை ஏறக்குறைய 20 மில்லிகிராம் என்பதை நினைத்துப் பார்த்தால் புரியும். ஒரே வேளையில் இவ்வளவும் போக வேண்டும் என்பதில்லை. தினம் சிறிது சிறிதாகப் போனாலும் கல்லீரல் கெட்டுக்கொண்டே வரும்.

அப்படியானால் அந்த ஒரு முறத்தை என்ன செய்வது? கறவை மாட்டுக்குப் போட்டால் நச்சின் ஒரு பகுதி பாலில் இறங்கும். அந்தப் பாலைக் குடிப்பது வீட்டுக் குழந்தைகள். கோழிக்குப் போடலாமென்றால் கோழியும் வாத்தும் இதற்கு எளிதில் இரையாகும். வாத்துக் குஞ்சைப்போல இந்த நச்சுக்குச் சீக்கிரம் சாகிற பிராணி வேறில்லை. செக்கில் கொடுத்து ஆட்டினாலும் நச்சில் பெரும்பகுதி பிண்ணாக்கோடு தங்கும். வடிகட்டாத எண்ணெயிலும் கொஞ்சம் கலக்கும். குழி தோண்டிப் புதைப்பதுதான் வழி. இரண்டு முறம் மல்லாட்டையின் விலை ஒரு நாயின் விலைக்கு முன்னால் ஒன்றுமில்லை. மாட்டின் விலைக்கு முன்னால் சொல்லவே வேண்டாம்.

பிஸ்கட் எதற்கு?

கூழும் பழையதும் தின்று வளர்ந்த நாட்டு நாய்க்குப் பிஸ்கட் ஒரு கேடா என்று சிலர் சிரிக்கலாம். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற பேர் பெற்ற சாதிகள் தெற்குச் சீமையைச் சேர்ந்தவை. திருக்கோவிலூர்ப் பக்கத்துப் பம்புசெட்டுக் கொட்டகைகளில் படுத்திருப்பவை பெரும்பாலும் சாதாரண நாட்டு நாய்களே. ஆனால் வேலை அதிகம். இரவில் மல்லாட்டைக் கொல்லைக்கும் மரவள்ளிக் கொல்லைக்கும் வரும் காட்டுப்பன்றியை விரட்ட வேண்டும். பட்டியில் இருக்கும் ஆட்டுக்குக் காவல் இருக்க வேண்டும். கோழிக் குஞ்சைத் தொடாமல் கீரிப்பிள்ளையை மட்டும் துரத்த வேண்டும். இவ்வளவையும் அடித்துக் கற்றுக்கொடுக்க முடியாது. அடிபட்ட நாய் ஆளைக் கண்டால் ஒதுங்கும், வேளைக்கு வராது. கூப்பிட்டதும் ஓடி வந்தால் ஒரு துண்டு, கோழியை விட்டு விலகினால் ஒரு துண்டு என்று கையில் வைத்திருந்து கொடுக்க ஒரு தின்பண்டம் வேண்டும். கூழை மடியில் கட்டிக்கொண்டு கொல்லைக்குப் போக முடியாதல்லவா?

பிஸ்கட்டின் பிறப்பும் அப்படித்தான். 1860-களில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் முதன்முதலாக நாய் பிஸ்கட்டை வியாபாரமாகச் செய்தார். லிவர்பூல் துறைமுகத்தில் கப்பற்காரர்கள் வீசி எறிந்த கெட்டி ரொட்டியை நாய்கள் விரும்பித் தின்பதைப் பார்த்து அவருக்கு அந்த எண்ணம் வந்ததாகச் சொல்வார்கள். கோதுமை மாவும் காய்கறியும் பீட்ரூட்டும் இறைச்சியும் சேர்த்து அவர் செய்தார். மாதக்கணக்கில் கப்பலில் கெடாமல் இருந்த ரொட்டியின் இரகசியம் ஒன்றே: ஈரம் இல்லாமை. வீட்டில் செய்யும்போதும் கவனம் முழுவதும் அதில்தான் இருக்க வேண்டும்.

செய்யும் விதம்

கேழ்வரகு மாவு 350 கிராம், கோதுமை மாவு 150 கிராம், கோழி ஈரல் 250 கிராம், பரங்கிக்காய் 200 கிராம், முட்டை ஒன்று, சமையல் எண்ணெய் இரண்டு மேசைக் கரண்டி. இவ்வளவுதான் சாமான். உப்பு, மிளகாய், மஞ்சள், வெல்லம், சோடா உப்பு எதுவும் வேண்டியதில்லை. ருசி நமக்கல்ல, நாய்க்கு. ஈரல் வாசனை ஒன்றே அதற்குப் போதும்.

கேழ்வரகைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. அரிசியில் 100 கிராமுக்குச் சுண்ணாம்புச் சத்து 10 மில்லிகிராம் அளவில்தான் இருக்கிறது. கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாது. வெறும் சோறும் இறைச்சியும் தின்று வளரும் குட்டிகளுக்கு முன்னங்கால் வளைந்து போவது இந்தச் சத்துக் குறைவினால்தான். பிஸ்கட் மட்டுமே அதைச் சரிக்கட்டிவிடாது; இருந்தாலும் இருக்கிற தானியத்தில் நல்லதைப் போடுவது நல்லதுதானே. கேழ்வரகுக்குப் பசை கிடையாது. தனியாகப் பிசைந்தால் விண்டு விழும். அதற்காகத்தான் கோதுமையும் முட்டையும். கல்வராயன் மலைப் பக்கத்தில் சாமை, தினை மாவு கிடைக்கிறவர்கள் கேழ்வரகில் பாதியை அதற்கு மாற்றிக்கொள்ளலாம். கம்பும் ஆகும். அசைவம் சேர்க்காத வீடுகளில் ஈரலை விட்டு, மூன்று முட்டை போட்டுப் பிசையலாம்.

ஈரலைக் கழுவி, மூழ்கும் அளவு நீரில் நன்றாக வேக வைக்க வேண்டும். உள்ளே சிவப்பு இருக்கக் கூடாது. கறிக்கடைக் கழிவைப் பச்சையாகப் போடுவதால் வயிற்றுப்போக்கும் புழுவும் வரும். பரங்கிக்காயைத் தோல் சீவி ஆவியில் வேக வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் அம்மியிலோ மிக்சியிலோ மசிய அரைத்து, முட்டையும் எண்ணெயும் கலந்து, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசைய வேண்டும். சப்பாத்தி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக இருக்கட்டும். தண்ணீர் போதாவிட்டால் ஈரல் வெந்த நீரைத் தெளித்துக்கொள்ளலாம். அரை மணி நேரம் மூடி வைத்தால் கேழ்வரகு ஈரத்தை இழுத்துக்கொண்டு, தட்டுவதற்கு வாகாக வரும்.

பிறகு கால் அங்குலக் கனத்துக்குத் தட்டி, கத்தியால் இரண்டு அங்குலச் சதுரமாகக் கீற வேண்டும். கனம் கூடினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்றுவிடும்; அந்த ஈரத்தில் ஒரு வாரத்தில் பூஞ்சணம் வரும். அப்புறம் இவ்வளவு பாடுபட்டதற்கு அர்த்தமே இல்லை. ஒவ்வொரு துண்டிலும் முள்கரண்டியாலோ ஈர்க்குச்சியாலோ நாலைந்து துளை போட்டால் ஆவி வெளியேறச் சுலபம்.

வீட்டில் அடுமனை இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. அகன்ற இரும்புச் சட்டியில் இரண்டு அங்குல உயரத்துக்குக் காய்ந்த மணலைப் பரப்பி, விறகடுப்பில் கால் மணி நேரம் காய வைக்க வேண்டும். மணலின்மேல் மூன்று ஓட்டுச் சில்லுகளை வைத்து, அவற்றின்மேல் பிஸ்கட் அடுக்கிய தட்டை வைக்கலாம். தட்டு மணலில் நேராகப் பட்டால் அடிப்பக்கம் கருகும். கனமான மூடியால் மூடி, மூடியின்மேல் நான்கைந்து தணல் துண்டுகளைப் போட வேண்டும். தீயைக் குறைத்து முப்பது நிமிடம், திருப்பிப் போட்டு மேலும் இருபது நிமிடம். பிறகு விறகை இழுத்துவிட்டு, மூடியைத் திறக்காமல் தணல் ஆறும் வரை அப்படியே விட்டுவிடலாம். இரவில் வைத்தால் காலையில் எடுக்கலாம். எரிவாயு அடுப்பிலும் இதே முறை சரிவரும். ஆனால் வாயு அதிகம் செலவாகும். ஊரில் பழக்கமான பேக்கரி இருந்தால், கடைசி ஈடு ரொட்டி எடுத்தபின் அடுப்பில் மிஞ்சியிருக்கும் சூட்டில் தட்டை வைத்து வாங்கிவருவது எல்லாவற்றிலும் எளிது.

வெந்ததா என்று பார்க்க நிறத்தை நம்ப வேண்டாம்; கேழ்வரகு முதலிலிருந்தே கறுப்புத்தான். ஆறிய துண்டு ஒன்றை உடைத்தால் படக்கென்று சத்தத்தோடு உடைய வேண்டும். வளைந்தாலும் நடுவில் ஈரம் தெரிந்தாலும் மறுபடி சூட்டில் வைக்க வேண்டும். அல்லது ஒரு நாள் நல்ல வெயிலில் வலைத்துணி மூடிக் காய வைக்க வேண்டும். இந்த அளவுக்கு ஏறக்குறைய 600 கிராம், எண்ணிக்கையில் அறுபது துண்டுகள் வரும்.

மல்லாட்டை சேர்க்கவே கூடாதா என்றால், சேர்க்கலாம். நாய் அதை விரும்பித் தின்னும். ஆனால் வீட்டார் வறுத்துத் தின்ன எடுத்து வைக்கும் காயாக இருக்க வேண்டும். காதருகே வைத்து ஆட்டினால் காய்க்குள் பருப்பு கடகடவென்று உருள வேண்டும். கட்டைவிரலால் தேய்த்தால் பருப்பின் தோல் உரிய வேண்டும். அப்படிக் காய்ந்த காயை உடைத்து, சுருங்கியதையும் நிறம் மாறியதையும் பூச்சி துளைத்ததையும் பொறுக்கித் தள்ளிவிட்டு, ஒரு கைப்பிடியை வறுத்துப் பொடித்து மாவில் கலக்கலாம். குவியலில் சூடேறிய மூட்டையாக இருந்தால் அதில் பொறுக்கி எடுப்பதும் வேண்டாம். நச்சு கண்ணுக்குத் தெரியாது. நல்ல நிறத்தோடு இருக்கும் பருப்பிலும் இருக்கலாம். மக்காச்சோள மாவுக்கும் இதே விதிதான்.

அளவு

தின்பண்டம் தின்பண்டமாகவே இருக்க வேண்டும். நாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டிய உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இது போகக் கூடாது. 15 கிலோ எடையுள்ள நாய்க்கு நாள் ஒன்றுக்கு இரண்டு துண்டு, இரவெல்லாம் காவல் ஓடும் நாயானால் மூன்று. அந்த இரண்டையும் பத்துச் சில்லாக உடைத்துப் பத்துத் தரம் கொடுத்தால் பழக்குவதற்கு இன்னும் நல்லது. நாய்க்குத் துண்டின் அளவு தெரியாது. எத்தனை தரம் கிடைத்தது என்பதுதான் தெரியும்.

நாயின் எடை தெரியாதவர்கள் மூட்டை நிறுக்கும் தராசில் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, பிறகு தனியாக ஏறி நின்று கழித்துப் பார்க்கலாம். முக்கிய உணவாக 15 கிலோ நாய்க்கு 150 கிராம் தானியத்தில் காய்ச்சிய களி அல்லது சோறு, அதனோடு 100 கிராம் அளவுக்கு வெந்த இறைச்சி அல்லது மீன், ஒரு முட்டை என்று இரண்டு வேளையாகப் பிரித்துப் போட்டால் போதும். தினமும் இறைச்சிக்கு வழியில்லாதவர்கள் பருப்பும் தயிரும் சேர்க்கலாம். மூன்று மாதத்துக்குட்பட்ட குட்டிக்கும் பல் விழுந்த கிழ நாய்க்கும் பிஸ்கட்டை வெந்நீரில் ஊற வைத்துக் கொடுக்க வேண்டும்.

சேரக் கூடாத மற்றவை

வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களை உடைத்துச் சோகையை உண்டாக்கும். உடல் எடையில் நூற்றில் அரைப் பங்குக்கு மேல் வெங்காயம் போனாலே ஆபத்து. 15 கிலோ நாய்க்கு அது 75 கிராம். சாம்பார் வெங்காயத்தில் பத்துப் பதினைந்து. வதக்கினாலும் வேக வைத்தாலும் இந்தக் குணம் மாறாது. கல்யாணம், காதுகுத்து நடந்த மறுநாள் மிஞ்சிய குழம்பை அண்டாவோடு சாய்த்துவிடும் வீடுகளில் இதைக் கவனிக்க வேண்டும். திராட்சை, உலர்ந்த திராட்சை, சாக்லேட் ஆகியவையும் நாய்க்கு ஆகாது. சமைத்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

மரவள்ளி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மரவள்ளி நிறைய விளைகிறது. கிழங்கு மாவு மலிவு. ஆனால் பச்சைக் கிழங்கிலும், அதைவிட அதிகமாகத் தோலிலும் சயனைடு விஷம் இருக்கிறது. தோல் சீவி, நறுக்கி, நிறைய நீரில் வேக வைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டால் கிழங்கைக் கொடுக்கலாம். பச்சைத் தோலையும் வேகாத மாவையும் நாய் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். ஆடு மாடுகளுக்கும் இது பொருந்தும்.

தரையில் கிடப்பதைத் தின்னாமல் பழக்குதல்

வீட்டில் செய்த தின்பண்டத்தின் பெரிய பயன் இதுதான். வயலில் எலிக்கு வைக்கும் சிங்க் பாஸ்பைடு மருந்தைப் பொரியிலோ உடைத்த தானியத்திலோ கடலை எண்ணெய் விட்டுத்தான் பிசைகிறார்கள். எலியை இழுக்கும் வாசனை நாயையும் இழுக்கும். இந்த மருந்தைத் தின்ற நாய்க்கு மாற்று மருந்து கிடையாது. மலையடிவாரக் கிராமங்களில் காட்டுப்பன்றிக்கென்று மாவுக்குள் வெடிமருந்தை வைத்து உருட்டிப் போடும் அவுட்டுக்காய் இன்னொரு எமன். சட்டப்படி குற்றம் என்று தெரிந்தும் சிலர் விடுவதில்லை. கடித்த நாய்க்குத் தாடையே இருக்காது.

மாவு உருண்டையைக் கண்டதும் வாய் வைக்காத நாய்தான் பிழைக்கும். இதைப் பழக்க ஒரு முறை உண்டு. ஒரு பிஸ்கட்டைத் தரையில் போட்டு உள்ளங்கையால் மூட வேண்டும். நாய் முகரும், கையைப் பிராண்டும். அப்போது ‘விடு’ என்று ஒரே ஒரு தரம் சொல்லிவிட்டு அசையாமல் இருக்க வேண்டும். அலுத்துப்போய் நாய் தலையைத் திருப்பும் அந்தக் கணத்திலேயே மறு கையிலிருந்து வேறொரு துண்டைக் கொடுக்க வேண்டும். தாமதித்தால் எதற்காகக் கொடுத்தோம் என்பது அதற்கு விளங்காது. தரையில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது என்பது முக்கியம். தரையில் கிடப்பது ஒருநாளும் தனக்கில்லை, கையிலிருந்து வருவதுதான் தனக்கு என்று அது கற்க வேண்டும். நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். சில நாளில் கையால் மூடாமலே சொல்லிப் பார்க்கலாம். பிறகு களத்தில், வரப்பில், கொட்டகையில் என்று இடம் மாற்றிப் பழக்க வேண்டும். வீட்டு வாசலில் கற்றதை நாய் வரப்பில் மறந்துவிடும். அது அதன் சுபாவம்.

பழகிய நாயானாலும் எலி மருந்து வைக்கும் இரவில் கட்டிப்போட்டு வைப்பதே உத்தமம். காலையில் செத்த எலிகளைப் பொறுக்கிப் புதைத்து, மிஞ்சிய மருந்தை அப்புறப்படுத்திய பிறகே அவிழ்த்துவிட வேண்டும். மருந்து பிசைந்த பாத்திரத்தில் பிஸ்கட் மாவைப் பிசைவது போன்ற காரியம் நடக்காமல், அதற்கென்று ஒரு பழைய தகர டப்பாவைக் குறியிட்டு உயரத்தில் வைத்துவிட வேண்டும்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி ஆண்டுக்கு ஒரு தரம் போட வேண்டும். கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப்போனால் டாக்டரைக் கடிக்கிறது என்று சொல்லியே பல வருடம் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. ஊசிக்கு ஒரு மாதம் முன்பிருந்தே நாயின் வாயைத் தொடுவது, காலைப் பிடிப்பது, பிடரியைக் கிள்ளிப் பிடிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சில்லு கொடுத்துப் பழக்கினால் ஊசி வேலை சுலபமாக முடியும்.

வைத்துக் காத்தல்

பிஸ்கட் முழுவதும் ஆறிய பிறகே டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துவிடும். காற்றுப் புகாத தகர டப்பாவில், கோடையில் மூன்று வாரம் வரை இருக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் பத்து நாளைக்கு மேல் வைக்க வேண்டாம். மேலே சொன்ன அளவில் பாதி மட்டும் செய்துகொள்வது நல்லது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு துண்டை உடைத்துப் பார்க்க வேண்டும். வளைந்தாலோ, புளித்த வாடை வந்தாலோ, சிறு புள்ளி தெரிந்தாலோ டப்பாவையே கொட்டிவிட வேண்டும். புள்ளி இருக்கும் துண்டை மட்டும் எடுத்தெறிந்துவிட்டு மற்றதைப் போடுவது சரியல்ல.

நாய் தீனியை ஒதுக்கிச் சோர்ந்து படுத்தால், வாந்தி எடுத்தால், ஈறும் கண்ணின் வெள்ளையும் மஞ்சளித்தால், சிறுநீர் கறுத்துப் போனால், மலத்தில் இரத்தம் தெரிந்தால், வயிறு உப்பினால், அது கல்லீரல் கெட்டதற்கு அடையாளமாக இருக்கலாம். இந்த அறிகுறிகள் கெட்ட தீனியைத் தின்று சில நாள் கழித்தும், சில வாரம் கழித்தும் வரலாம். ஆகவே நேற்று என்ன போட்டோம் என்று மட்டும் யோசிப்பது போதாது. போட்டுவரும் தீனியை அன்றே நிறுத்திவிட வேண்டும். வீட்டாரும் அதே மூட்டைத் தானியத்தையோ மல்லாட்டையையோ சாப்பிட்டு வந்திருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். நாயைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்போது, அது தின்ற மாவிலும் மல்லாட்டையிலும் ஒவ்வொரு பிடி காகிதத்தில் மடித்து எடுத்துப் போனால் டாக்டருக்கு உதவியாக இருக்கும்.